முத்திரைத்தாள் மட்டும் போதுமா?



மட்டாஞ்சேரியில் நம்மில் பலர் பணயத்துக்கு வீடு எடுக்கிறோம். தமிழ்நாட்டில் இதை ஒத்தி என்பார்கள். மொத்தமாகப் பணம் கொடுக்கிறோம். மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது பணம் திரும்ப வர வேண்டும். அது நம் பல வருடச் சேமிப்பு.

முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் என்ன சொல்கிறது? ஒத்தித் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

வீட்டின்மேல் முன்பே கடன் இருக்கலாம். கடனைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். நாம் தெருவில் நிற்போம். அதனால் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். அது மட்டும் போதாது. வீட்டின் அசல் ஆதாரத்தையும் காட்டச் சொல்லுங்கள். நகலை மட்டும் காட்டினால் உஷார்! அசல் வங்கியில் அடகு இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் தாலுக்கா சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

பத்திரம் மலையாளத்தில் இருந்தால், நம்பிக்கையானவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பதிவு நடக்கும்போது பணத்தைக் கொடுங்கள்.