தோற்கிற அணியில் யார் ஆட வேண்டும்?

திருப்பூர் நல்லூரிலிருந்து பேசுகிறேன்.

2025 ஜூலை 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நம் பனியன் கம்பெனிகளுக்கு வார விடுமுறை. அன்று இரவு நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. நம் ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் முதலில் ஆடி 220 ரன் குவித்தது. முந்தைய ஆண்டின் சாம்பியன், அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் டிராகன்ஸ், 102 ரன்னில் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் திருப்பூருக்கு முதல் கோப்பை. அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் தொடக்க விக்கெட்டுக்கே 121 ரன் சேர்த்தார்கள். தொடர் நாயகன் விருதும் ரஹேஜாவுக்குத்தான், மொத்தம் 488 ரன்.

அந்த இரவு கோப்பையை வாங்கிய கேப்டன் சாய் கிஷோர். இவர் 2020, 2021 ஆகிய இரண்டு ஐ.பி.எல். பருவங்களிலும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் இருந்தவர். இருந்தார் என்றால் மஞ்சள் சட்டை போட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. 2022 ஏலத்தில் குஜராத் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025இல் அதே குஜராத்துக்காக 19 விக்கெட் எடுத்தார். அந்த 2025இல்தான் சென்னை, தன் வரலாற்றில் முதல்முறையாக, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது.

இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எழுந்த கேள்வியைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஓர் அணி தொடர்ந்து தோற்கிறது. பெயர் பெற்ற மூத்த வீரர்கள் ஒரு பக்கம். வாய்ப்புக்காகக் காத்திருக்கிற இளைஞர்கள் மறுபக்கம். யாரை ஆட வைப்பது?

மூத்தவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சாதாரண நியாயம் அல்ல. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு 2018இல் சென்னை அணி திரும்பி வந்தபோது நாடே சிரித்தது. வாட்சனுக்கு 36 வயது, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. அப்பாக்கள் படை என்று கேலி பேசினார்கள். மே 27ஆம் தேதி வான்கடே மைதானத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக இறுதி ஆட்டம். வாட்சன் முதல் பத்து பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில், அதுவும் இறுதிப் போட்டியில், பத்து பந்து வீண் என்றால் இருபது வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றியிருப்பான். வாட்சன் பொறுத்தார். 57 பந்தில் 117 ரன், ஆட்டமிழக்காமல். கோப்பை சென்னைக்கு. அனுபவம் என்பது என்னவென்று யாராவது கேட்டால் அந்தப் பத்து பந்துகளைக் காட்டலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்சன் அந்த இறுதி ஆட்டத்துக்கு முன்பே அந்தத் தொடரில் ஒரு சதம் அடித்திருந்தார். அந்த ஆண்டு ரன் எடுத்ததால் அந்த ஆண்டு ஆடினார். பழைய புகழுக்காக அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 2023இல் ரஹானேயும் அப்படித்தான். 34 வயதில் வந்து, தன் வாழ்நாளில் ஆடாத வேகத்தில் ஆடினார். சென்னை அந்த ஆண்டும் கோப்பையை வென்றது.

இப்போது 2020க்கு வருவோம். கொரோனா காலம், ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆள் இல்லாத மைதானங்கள். சென்னை தோற்றுக்கொண்டே இருந்தது. அக்டோபர் 19ஆம் தேதி ராஜஸ்தானிடமும் தோற்ற பிறகு கேப்டன் தோனி ஒரு கருத்துச் சொன்னார். மூத்தவர்களைத் தள்ளிவிட்டு இடம் கொடுக்கும் அளவுக்கு இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அது பெரிய சூட்டைக் கிளப்பியது. முன்னாள் வீரர் ஸ்ரீகாந்த் தொலைக்காட்சியிலேயே கொதித்தார். அணியின் மூத்தவர்களான கேதார் ஜாதவிடமும் பியூஷ் சாவ்லாவிடமும் அந்தப் பொறி தெரிந்ததா என்று கேட்டார். அவர் கோபம் முழுக்க நம் கோயம்புத்தூர் பையன் ஜெகதீசனுக்காக. பெங்களூருக்கு எதிராகத் தன் முதல் ஐ.பி.எல். ஆட்டத்தில் 33 ரன் எடுத்தவரை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். முன்னேறும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்த பிறகு, வேறு வழியில்லாமல், ருதுராஜ் கெய்க்வாட்டைத் திரும்ப இறக்கினார்கள். அதுவரை அவர் எடுத்தது 0, 5. திரும்ப வந்த ஆட்டத்தில் மறுபடி 0. இந்த முறை வெளியேற்றவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களில் மூன்று அரைசதம், மூன்றிலும் வெற்றி. புள்ளிப் பட்டியலில் சென்னைக்கு அந்த மூன்று வெற்றியால் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஏழாவது இடம்தான். ஆனால் அடுத்த ஆண்டு கோப்பைக்கான விதை அந்த மூன்று ஆட்டங்களில்தான் விழுந்தது. 2021இல் கெய்க்வாட் 635 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். அவருக்கு வயது 24. அவரோடு சேர்ந்து தொடக்கம் ஆடிய டு பிளெஸ்ஸிக்கு வயது 37. அவர் எடுத்தது 633. இரண்டே ரன் வித்தியாசம். ஏறக்குறைய பதின்மூன்று வயது இடைவெளி உள்ள இரண்டு பேர் ஒரே பருவத்தில் ஒரே அணிக்கு இப்படித் தோள் கொடுத்ததைப் போல அழகான காட்சியை ஐ.பி.எல்.லில் நான் பார்த்ததில்லை.

ஜெகதீசன் கதை வேறு மாதிரி போனது. 2018இலிருந்து சென்னை அணியில் இருந்தவருக்கு மொத்தமே ஏழு ஆட்டங்கள்தான் கிடைத்தன. 2022 நவம்பரில் அணியிலிருந்து விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காகத் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவது சதம் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக, 277 ரன். ஐம்பது ஓவர் ஆட்டங்களில் அது உலக சாதனை. எதிரணி பலவீனமானது என்பது உண்மைதான். மற்ற நான்கு சதங்களும் அருணாசலத்துக்கு எதிராக அடித்தவை அல்லவே. ஏழு ஆட்டத்தை ஐந்து பருவங்களில் விட்டுவிட்டுக் கொடுத்து ஒரு பையனை எப்படி எடைபோட முடியும்?

இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைமடி வேலைக்கு வந்த பையனை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தால் முதல் வாரம் பீஸ் குறையும், ஆல்டர் வரும். ஒரு நாள் உட்கார வைத்து, மறுநாள் எழுப்பி, பத்து நாள் கழித்து மறுபடி உட்கார வைத்தால் அவன் எந்தக் காலத்திலும் டெய்லர் ஆக மாட்டான்.

சரி, 2025. ஏலத்தில் சென்னை 38 வயது அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. 34 வயதில் ராகுல் திரிபாதி, விஜய் சங்கர். 43 வயதில் தோனி. மார்ச் 28ஆம் தேதி சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 50 ரன்னில் தோற்றார்கள். 2008க்குப் பிறகு பெங்களூர் அங்கே வென்றது அதுதான் முதல்முறை. அந்த ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால் வந்தார். முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். ஏப்ரல் 11ஆம் தேதி அதே சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். அப்போதுகூட மாற்றத்துக்கு மனம் வரவில்லை. கெய்க்வாட்டுக்கு முழங்கையில் அடிபட்டதால்தான் 17 வயது ஆயுஷ் மாத்ரேவுக்குக் கதவு திறந்தது.

முதல் பத்து ஆட்டத்தில் சென்னை வென்றது இரண்டு. ஏப்ரல் 30ஆம் தேதி பஞ்சாபிடம் தோற்றதோடு பிளே-ஆஃப் கதவு மூடியது. மிச்சம் நான்கு ஆட்டம். மே 3ஆம் தேதி பெங்களூரில் மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார். மறுமுனையில் நின்ற ஜடேஜா ஆட்டமிழக்காமல் 77. இரண்டே ரன்னில் தோல்வி. மே 7ஆம் தேதி கொல்கத்தாவில் இளைஞர்கள் உர்வில் படேல் 11 பந்தில் 31, டெவால்ட் பிரேவிஸ் 25 பந்தில் 52, வெற்றி. கடைசி ஆட்டத்தில், பட்டியலில் முன்னணியில் இருந்த குஜராத்தை அதன் சொந்த மைதானத்தில் 83 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். அன்று பிரேவிஸ் 23 பந்தில் 57, அன்ஷுல் காம்போஜ் 13 ரன் கொடுத்து 3 விக்கெட். கடைசி நான்கில் இரண்டு வெற்றி, ஒன்று கைநழுவிப் போனது. நான்கு ஆட்டத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வேறு அணி.

எனக்கு அதிலும் ஒரு மனக்குறை உண்டு. 30 லட்சத்துக்கு எடுத்திருந்த தமிழ்நாட்டின் ஆண்ட்ரே சித்தார்த்துக்கு, இழக்க ஒன்றும் இல்லாத அந்த ஆட்டங்களில்கூட ஓர் இடம் கிடைக்கவில்லை. பருவம் முடிந்ததும் விடுவித்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆரஞ்சுத் தொப்பி யாருக்கு? 759 ரன் எடுத்த சென்னைப் பையன் சாய் சுதர்சனுக்கு. 2022இல் வெறும் 20 லட்சத்துக்கு எடுத்து, பொறுமையாக ஆட வைத்து வளர்த்தது குஜராத்.

நிர்வாகங்கள் ஏன் இப்படித் தயங்குகின்றன? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அமெரிக்காவின் பேஸ்பால் லீக்கில் நிலைமை வேறு. அங்கே மோசமாகத் தோற்ற அணிகளுக்குப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை உண்டு. எடுத்த வீரர் பல ஆண்டுகள் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011 முதல் மூன்று பருவங்களில் 106, 107, 111 என்று ஆட்டங்களைத் தோற்றது. மூத்தவர்களை விற்றுவிட்டு இளைஞர்களைச் சேர்த்தார்கள். 2017இல் கோப்பை வென்றார்கள். அந்த ஆண்டு கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடியது பின்னால் அம்பலமாகி அவர்கள் பெயர் கெட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கட்டி எழுப்பிய முறை எல்லோருக்கும் தெரியும். கவனியுங்கள், அந்த ஆண்டுகூட 34 வயது வெர்லாண்டரை அவர்கள் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐ.பி.எல்.லில் கடைசி இடத்துக்குப் பரிசு கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து அணியையே கலைத்துப் போடுகிறது. 2018, 2022, 2025 என்று வந்துவிட்டது. நான் வளர்க்கிற பையனை நாளை இன்னோர் அணி கொத்திக்கொண்டு போகும் என்றால் நான் ஏன் பொறுமை காட்ட வேண்டும் என்று முதலாளி நினைப்பது இயல்பு. தோனி மட்டையோடு நடந்து வருவதைப் பார்க்கவே டிக்கெட் வாங்குகிற கூட்டமும் இருக்கிறது. அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பத்தாவது இடத்தில் இருக்கிற அணிக்கு அந்த அன்பு மருந்தாகாது.

இளைஞர்களை அள்ளி இறக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பெயரை நினைவூட்ட வேண்டும். சென்னையின் லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணன். 1983இல் 17 வயதில் டெஸ்ட் ஆடினார். அடுத்த ஆண்டு மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். கடைசி டெஸ்ட் 1986 ஜனவரியில். அப்போது அவருக்கு 20 வயது நிரம்பி இரண்டு நாளோ மூன்று நாளோதான் ஆகியிருந்தது. மொத்தம் ஒன்பது டெஸ்ட். பையனைச் சீக்கிரம் இறக்குவது மட்டும் வளர்ப்பு ஆகாது. தோற்கிற நாளில் பக்கத்தில் நின்று பேச ஒரு மூத்தவர் வேண்டும். சரிவு வந்தால் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். தோற்கிற அணியில் மூத்த வீரர் இருக்கலாம், இருக்க வேண்டும். இந்த ஆண்டு அவர் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும்தான் அவருக்கு இடம் வாங்கித் தர வேண்டும். இளைஞருக்கு அப்படியல்ல. அவருக்கு ஆறு ஆட்டம் என்றால் ஆறு ஆட்டம், நடுவில் இரண்டு முட்டை வந்தாலும் ஆறு ஆட்டம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். வாய்ப்பு முடிந்துபோன பருவத்தின் கடைசி ஆட்டங்கள் முழுக்க அவர்களுக்கே போக வேண்டும்.

சென்னை நிர்வாகமும் திசை திரும்பியிருக்கிறது. 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் ஏலத்தில் இந்திய அணிக்கு அதுவரை ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தலா 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. பணத்தை மாற்றிப் போட்டாகிவிட்டது. ஒரு பருவத்தில் முதல் நான்கு ஆட்டம் தோற்றாலும் அந்த இருவரும் ஐந்தாவது ஆட்டத்தில் இருக்கிறார்களா என்பதில்தான் இந்த மாற்றம் உண்மையா என்று தெரியும்.

நல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் நடத்துகிற, அணி வைத்திருக்கிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு ஆட்டம் தோற்று வெளியேறுவது உறுதி என்று தெரிந்த பிறகு, மூன்றாவது ஆட்டத்தில் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பையனுக்குத் தொடக்க மட்டையைக் கொடுங்கள். முதல் பந்தில் அவுட் ஆனாலும் அடுத்த வாரமும் அவனையே இறக்குங்கள். நீங்கள் மறுமுனையில் நில்லுங்கள்.