அரம் யாருடைய செலவு?

(விறகு வெட்டும் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஓர் அரத்தைப் பற்றி. பேசி முடிக்கும்போது அதுவும் சம்பளக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

பெக்டரியில் கொழுந்து வாட வேண்டும், தூள் காய வேண்டும். இரண்டுக்கும் சூடான காற்று வேண்டும். அந்தச் சூடு நீங்கள் அறுத்துக் கொடுக்கும் விறகிலிருந்து வருகிறது. கொழுந்துக் கிலோவைப் பற்றி நாம் மணிக்கணக்காகப் பேசுகிறோம். விறகு அறுக்கிற நாலு பேரின் கையில் இருக்கும் மெஷினைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. அது நமது சங்கத்தின் குறை. அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

டீச்சருக்குச் செயின்சோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் தாய்மாமன் நீண்ட காலம் விறகு அறுத்தவர். அவருக்கு அரம் போட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேய்ந்து வழுக்கிய ஓர் அரம் வைத்திருந்தார். அதுவும் சொந்தக் காசில் வாங்கியது. செயின் வெட்டாமல் போனபோது, பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அராவினால் வேகமாக அறுக்கும் என்று யாரோ சொல்ல, கண்மட்டத்தில் அராவிவிட்டார். முதல் நாள் வேகமாகத்தான் அறுத்தது. மறுநாள் பாரின் நுனி பக்கத்திலிருந்த கட்டையில் பட்டது. மெஷின் அவரை நோக்கி எகிறியது. இடது தோளில் வெட்டு. மூன்று மாதம் வீட்டில் இருந்தார்.

அப்போதுதான் மெஷினோடு வந்த புத்தகத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முழுவதும் ஆங்கிலம். அந்த மேட்டை எவ்வளவு அராவலாம், எதை வைத்து அளக்க வேண்டும் என்று அதில் படம் போட்டே இருந்தது. நான் வாசித்துச் சொன்னதும், "என் கைத்தப்புதான் மருமகளே" என்றார். அவருடைய கைத்தப்பு அல்ல. அளக்கும் தகட்டை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

செயின் மொட்டையாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? கூரான பல் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மொட்டைப் பல் மாவாகத் தள்ளும். எண்ணெய் சரியாக ஓடியும் வெட்டில் புகை வந்தாலும், நீங்கள் மெஷினை அழுத்த வேண்டியிருந்தாலும், நிறுத்தி அரம் போடுங்கள். வெட்டு ஒரு பக்கமாகவே வளைந்து போனால், இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லை, அல்லது ஒரே கூரில் இல்லை என்று அர்த்தம்.

இனி, என்னென்ன சாமான் வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலாவது, வட்ட அரம். கடையில் கிடைத்த அளவை வாங்கக் கூடாது. பிள்ளைகளின் அடிமட்டத்தை எடுத்து, செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவிட்டுகளை அளந்து பாருங்கள். முதல் ரிவிட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை உள்ள தூரத்தில் பாதிதான் செயினின் அளவு. 19 மி.மீ. வந்தால் பாதி 9.5. அது 3/8 அங்குலச் செயின். 16.5 மி.மீ. வந்தால் அது 0.325 அங்குலச் செயின். 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. அரம். பெரிய மெஷினின் 3/8 செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. சின்ன மெஷின்களில் பல் உயரம் குறைந்த 3/8 செயின் வரும். அதற்கு 4 மி.மீ. அடிமட்டத்தில் இரண்டு 3/8 செயினும் ஒரே அளவாகத் தெரியும் என்பதால், செயின் வந்த பெட்டியை வீசிவிடாதீர்கள். எந்த அரம் என்று அதிலோ மெஷினின் புத்தகத்திலோ இருக்கும்.

இரண்டாவது, அரத்துக்கு ஒரு பிடி. பிடி இல்லாத அரத்தின் வால், கை வழுக்கினால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

மூன்றாவது, அரத்தைப் பிடித்துக்கொள்ளும் வழிகாட்டித் தகடு. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். தகடு இருந்தால் அது தானாக அமையும். தகட்டின் மேலுள்ள கோட்டைப் பாருக்கு நேராகப் பிடித்தால் சாய்வும் சரியாக வரும். நம்மிடம் உள்ள செயின்களில் பெரும்பாலானவற்றுக்கு 30 பாகை.

நான்காவது, மாமாவிடம் இல்லாத சாமான். ஒரு தட்டை அரமும், மேட்டை அளக்கும் தகடும். பல்லின் நுனியைவிட முன்மேடு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு ஆழத்துக்குத்தான் பல் மரத்தைக் கடிக்கும். பல செயின்களுக்கு அந்தத் தாழ்வு 0.65 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைக் கண்மட்டத்தில் யாராலும் அளக்க முடியாது. தகட்டைச் செயின் மேல் வைத்து, அதற்கு மேலே துருத்துகிற அளவை மட்டும் அராவ வேண்டும். அராவிய பிறகு மேட்டின் முன்முனையைப் பழையபடி உருட்டி விடவும் வேண்டும். மூன்று நான்கு தடவை அரம் போட்டபின் ஒரு தடவை இதைப் பார்த்தால் போதும். அளவுக்கு மேல் தாழ்த்தினால் பல் அதிகமாகக் கடிக்கும், மெஷின் எகிறும்.

ஐந்தாவது, கையுறையும், அரத்தில் சிக்கிய இரும்புத் தூளைத் தட்ட ஒரு கம்பித் தூரிகையும். பாரைப் பிடிக்க வைஸ் இல்லாவிட்டால், மலையிலே ஓர் அடிக்கட்டையில் வெட்டு ஒன்று போட்டு, பாரை அதற்குள் இறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

வேலை முறை எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பிரேக்கைப் போட்டால் செயின் அசையாது. அடுத்த பல்லுக்குப் போகும்போது மட்டும் பிரேக்கை எடுத்து, செயினை முன்னால் நகர்த்துங்கள். அரத்தைப் பல்லின் உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். இழுத்து வரும்போது பல்லில் படாமல் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் சாகும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. முதல் பல்லில் சோக்கால் ஓர் அடையாளம் போட்டால் எங்கே தொடங்கினோம் என்பது மறக்காது. கல்லில் பட்டு ஒரு பல் உடைந்து குட்டையாகியிருந்தால், மற்றப் பற்களையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வேர்க்ஷொப்பில் சுற்றும் சாணைக்கல்லில் செயினைக் காட்டாதீர்கள். சூடேறிப் பல்லின் நுனி நீலம் பாரித்தால் அந்த இடத்தின் உறுதி போய்விடும். நல்ல அரமும் பழகிய கையும் இருந்தால் மலையிலேயே வேலை முடிந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

மொட்டைச் செயினில் வேலை செய்கிறவருக்குத் தோளும் முதுகும் வலிக்கிறது. அதே மரத்துக்கு அதிக நேரமும் அதிகப் பெற்றோலும் போகிறது. அளவுக்குக் காசு வாங்குகிற தோழருக்கு அந்த நேரம் முழுவதும் நட்டம். அரம் போட உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கும் காசு இல்லை. அதனால்தான் மொட்டையோடே அறுக்கிறோம். இது சோம்பேறித்தனம் இல்லை. கூலி போடப்பட்டிருக்கிற முறை நம்மை அப்படிச் செய்ய வைக்கிறது.

கவ்வாத்துக்கும் கொழுந்துக்கும் எவ்வளவு பேசியிருக்கிறோமோ, அவ்வளவு இதற்கும் பேச வேண்டும். தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் எழுத்தில் வைக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: மெஷின் ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன சாமான் முழுவதும் ஸ்டோரிலிருந்து வர வேண்டும். தேய்ந்த அரத்தைக் கொடுத்தால் புதியது தர வேண்டும். அதைப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

இரண்டு: அரம் போடும் நேரம் வேலை நேரம். அளவுக்கூலி பேசும்போது அந்த நேரத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

மூன்று: புதிதாக ஒருவர் கையில் மெஷினைக் கொடுக்கும் முன், தமிழில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

நான்கு: தலைக்கவசம், முகமறைப்பு, கால்காப்பு, சப்பாத்து. இவை இல்லாமல் மெஷினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயம் பட்டால் சின்னது பெரிது என்று பார்க்காதீர்கள். அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள், வைத்தியசாலைத் துண்டைப் பத்திரமாக வையுங்கள், தலைவரிடம் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. என் மாமா கேட்கவில்லை. தன் தப்பு என்று நினைத்துவிட்டார். "கொன்ட்ராக்ட் ஆள், தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை" என்று யாராவது சொன்னாலும் அதோடு திரும்பிப் போகாமல் சங்கத்துக்கு வாருங்கள்.

அடுத்த ஞாயிறு உங்கள் செயினையும் அரத்தையும் கொண்டு வாருங்கள். பாடசாலையில் அடிமட்டம் இருக்கிறது. மாமாவும் வருவார். அளக்கும் தகட்டை எப்படி வைப்பது என்று அவரே காட்டுவார்.