முச்சந்திச் சரக்கும் ஆய்வுக்கு ஆகும்



சினிமாப் பாட்டுப் புத்தகம், கூத்து நோட்டீஸ், சுவரொட்டி, செல்போன் வீடியோ இவற்றை வைத்து இலக்கியமும் வரலாறும் ஆராயலாமா என்ற தயக்கம் நம் துறைகளைவிட்டு இன்னும் போகவில்லை. ஆராய்ந்தே தீர வேண்டும் என்பேன். அதைக் கிருஷ்ணகிரியில் சொல்வது பொருத்தம். இந்த மாவட்டத்து நடுகற்களை இன்று ஆய்வாளர்கள் தேடித் தேடிப் படியெடுக்கிறார்கள். சண்டையில் செத்தவனுக்கும், மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கும் ஊரார் எடுத்த கற்கள் அவை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரின் 7ஆம் நூற்றாண்டு நடுகல், மகேந்திரவர்மப் பல்லவனின் ஆட்சியாண்டைக் காலக்கணக்குக்குச் சொல்லிவிட்டு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பதிவு செய்கிறது. எளியவர் வாழ்வை அறிய அரண்மனைச் சாசனங்கள் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெகுமக்கள் ஆக்கங்கள் மிகைப்படுத்தும், பொய் சொல்லும், அவற்றை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் முத்துப்பட்டன் கதையில் இருக்கிறது. அந்தணனான பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடுகளை மீட்கும் சண்டையில் உயிர்விடுகிறான். நெல்லைச் சீமையில் வழங்கிய இக்கதைப்பாடலைப் பதிப்பித்தவர் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை. பிற்கால வடிவங்களில், அப்பெண்கள் காட்டில் கிடைத்த அந்தணக் குழந்தைகள் என்று கதை மாறிவிடுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் படித்தவர் ஏமாந்துபோவார். இரண்டையும் அருகருகே வைத்தவருக்கோ அந்தப் பொய்யே பெரிய சான்று: சாதி தாண்டிய மணத்தைப் பாடலில்கூடத் தாங்க முடியாத சமூகம் அதில் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. நடந்தது என்ன என்பதோடு, எதை மாற்றிச் சொல்ல விரும்பினார்கள் என்பதும் வரலாறுதான்.

சினிமா வியாபாரம்தானே, அதில் மக்கள் குரல் எங்கே என்பது இன்னொரு மறுப்பு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய ஆங்கில நூல் இதற்கு நல்ல விடை. திரையில் கண்டதைப் பாண்டியன் உண்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஏழைகளுக்கு நன்மை செய்யாத எம்.ஜி.ஆர். ஆட்சியை ஏழைகளே ஏன் தாங்கினார்கள் என்று கேட்டு, படங்களுக்குள் விடை தேடினார். ரசிகராக மட்டும் இருப்பவர் அக்கேள்வியைக் கேட்க மாட்டார். சினிமாவை இகழ்பவருக்கும் அது தோன்றாது.

இத்தகைய வெகுமக்கள் ஆக்கங்களை யாராவது பாதுகாத்தால்தான் ஆய்வு நடக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தத் தொகுப்பு சென்னையில் நூலகமாயிற்று. இன்று எத்தனையோ ஆய்வுகளுக்கு அதுவே அடிப்படை.

இந்த மாவட்டத்து ஓசூருக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்பது என் ஆசை. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுவோடு இந்தியும் இங்கே ஒரே தெருவில் ஒலிக்கிறது. தொழிற்சாலைக் கோப்புகளில் வருகைப்பதிவும் சம்பளமும் இருக்கும். ஷிப்ட் முடிந்தவர்கள் எந்த மொழிப் பாட்டைக் கேட்டார்கள், எந்தக் கூத்துக்கு, எந்த எருதுவிடும் விழாவுக்குப் போனார்கள் என்பது இருக்காது. அது நோட்டீஸிலும் பேனரிலும் இருக்கிறது, அடுத்த மழைவரை. ஒன்றைக் கையில் எடுத்தால் தேதி, இடம், அச்சகம், பணம் கொடுத்தவர் பெயர் நான்கையும் அன்றே குறித்துவையுங்கள். அந்த விவரமில்லாத காகிதத்தை வைத்து உங்களுக்குப் பின்னால் வருபவர் எதையும் நிறுவ முடியாது.