'படம் எப்படி?' என்று கேட்டால்...



"நேத்து வீட்டுல படம் பார்த்தீங்களாமே, எப்படி?"

"பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்."

செம்பவாங் எம்ஆர்டி நிலையத்திலோ, கோப்பிக்கடையிலோ, அடுக்குமாடி மின்தூக்கியிலோ இந்த உரையாடல் நடக்காத நாள் இருக்காது. மின்தூக்கி பத்தாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு படத்தின் கதி முடிவாகிவிடும். படத்துக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. தீர்ப்போ ஒரே சொல்: 'சூப்பர்', 'சுமார்', அல்லது 'மொக்கை'. வீட்டில் பார்த்த படத்தைப் பற்றி வீட்டில் சொல்லும் கருத்துத்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று பலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

முன்பெல்லாம் படத்தைப் பற்றிய கருத்து பிறந்த இடம் திரையரங்க வாசல். 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளம், தமிழரையும் மலையாளிகளையும் ஏராளமாகச் செம்பவாங் வட்டாரத்துக்கு அழைத்து வந்தது. அங்கிருந்த சொங் பாங் கிராமத்தில் சுல்தான் திரையரங்கு இருந்தது. தேக்கா பக்கம் போனால் மெக்கன்சி சாலையில் ரெக்ஸ். 1946இல் 'ஜங்கிள் புக்' படத்தோடு திறந்த அந்த அரங்கு, பல மாற்றங்களைக் கண்டு, 2009இல் இந்தியப் படங்களுக்காக மறுபடியும் கதவைத் திறந்தது. காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள், சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வராத இடத்தில் அரங்கமே சிரித்தால், 'இதில் என்னவோ இருக்கிறது போலும்' என்று அவர் யோசிப்பார். தனி மனிதக் கருத்தைக் கூட்டம் அங்கேயே உரசிப் பார்த்துவிடும்.

1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. பிறகு கிராமம் கலைந்து, வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. வீடியோ கேசட் வந்தது, விசிடி வந்தது, கேபிள் இணைப்பு வந்தது. இடையில் 1992இல், பக்கத்து ஈசூனில் 10 திரைகள் கொண்ட அரங்கு வளாகமும் வந்தது. ஆனாலும் படம் மெல்ல மெல்ல வீட்டை நோக்கியே நகர்ந்தது. 2020ஆம் ஆண்டு கொவிட் கிருமிப்பரவலின்போது, மார்ச் மாத இறுதியில் மூடப்பட்ட சிங்கப்பூர்த் திரையரங்குகள் ஜூலையில்தான் திறந்தன. அந்த இடைவெளியில், மே 29ஆம் தேதி 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்கே போகாமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. 'சூரரைப் போற்று', 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்' என்று வரிசை தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் கேத்தே சினிபிளெக்ஸ் நிறுவனம் தன் கடைசி அரங்குகளையும் மூடிவிட்டது. இன்று பல குடும்பங்களுக்கு வீட்டு ஹால்தான் திரையரங்கு.

அப்படியானால் அந்தத் திரையரங்கில் படம் எப்படிப் பார்க்கப்படுகிறது?

தமிழ்ப் படத்தின் கதை பெரும்பாலும் இடைவேளையை மனத்தில் வைத்து எழுதப்படுவது. முதல் பாதியின் முடிவில் ஒரு முடிச்சு விழும், இரண்டாம் பாதியில் அது அவிழும். வீட்டிலோ இடைவேளையைத் தீர்மானிப்பது இயக்குநர் அல்லர். துணி துவைக்கும் இயந்திரம் தீர்மானிக்கிறது, பாட்டியின் மாத்திரை நேரம் தீர்மானிக்கிறது, மறுநாள் பள்ளி என்ற கவலை தீர்மானிக்கிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் 'சார்பட்டா பரம்பரை'யை மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "படம் ரொம்ப நீளம்" என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? மூன்று நாள் ஆக்கியது யார்?

இன்னொன்று வேகம். படத்தை வேகமாக ஓட்டிப் பார்க்கும் வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2019இல் சோதித்தபோது, ஜட் அபடோ, பிராட் பேர்ட் போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் 2020இல் அது கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் படத்தில் வசனம் புரியும், கதையும் புரியும். ஒருவர் பேசி முடித்து மற்றவர் பதில் சொல்லத் தயங்கும் அந்த இரண்டு விநாடி மட்டும் காணாமல் போகும். நல்ல நடிப்பு பெரும்பாலும் அந்த இரண்டு விநாடியில்தான் இருக்கிறது. கையில் கைப்பேசி, அடுப்பில் குழம்பு, பார்வை பாதி, தூக்கம் பாதி என்று பார்த்த படத்துக்குச் சொல்லும் கருத்து, படத்தைப் பற்றியதா, பார்த்த விதத்தைப் பற்றியதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

செம்பவாங்கில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். சனிக்கிழமை இரவு, ஒரே நாற்காலி வரிசையில் பாட்டி, அம்மா, அப்பா, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரன். படம் 'மெய்யழகன்'. பாட்டி காதால் பார்க்கிறார். பேரன் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்துப் பார்க்கிறான். ஒரே திரையில் இரண்டு படங்கள் ஓடுகின்றன. தமிழில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று தனித்தனியாக நிற்கும் உறவுகள், ஆங்கிலத்துக்குப் போனால் எல்லாரும் 'ஆன்ட்டி'. 'அத்தான்' என்ற சொல்லில் இருக்கும் உரிமைக்கும் கிண்டலுக்கும் ஈடான ஒரு சொல் அங்கே கிடையாது. பேரன் "போரிங் லா பாட்டி, சும்மா பேசிக்கிட்டே இருக்காங்க" என்று சொன்னால், அவன்மீது தவறில்லை. அவனுக்குக் கிடைத்த படம் அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் அந்தக் கருத்து அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாட்டி, "ஏன்பா போரிங்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அவருக்கு அந்த ஆளோட பேரே தெரியல. நேரா கேட்டிருக்கலாம்ல? படமே முடிஞ்சிருக்கும்."

"எப்படிய்யா கேட்பாரு? இவ்வளவு பாசமாச் சோறு போடுறவன்கிட்ட நீ யாருன்னு கேட்க வாய் வருமா? போன மாசம் கல்யாணத்துல உன் கன்னத்தைத் தட்டினாரே ஒருத்தர், அவர் பேரு உனக்குத் தெரியுமா?"

பேரன் விழிக்கிறான். அந்த ஒருத்தர் யார், எந்த வழியில் உறவு, அவருடைய அப்பா கடற்படைத் தளத்தில் என்ன வேலை பார்த்தார் என்று பேச்சு விரிகிறது. சொந்த ஊரை விட்டுப் போனவன் உறவின் பெயரை மறந்துவிட்டுக் கூனிக் குறுகுவதுதான் அந்தப் படத்தின் கதை. அது தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போனவனுக்கு மட்டும் உரிய கதையன்று, கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. படம் சொல்லாமல் விட்டதை 'ஏன்' என்ற ஒரு கேள்வி சொல்ல வைத்துவிட்டது.

'லப்பர் பந்து' படத்தையும் இப்படிப் பார்க்கலாம். இளைஞருக்கு அது கிரிக்கெட் படம். மருமகனாக வரப்போகிறவனுக்கும் மாமனாருக்கும் இடையிலான வீம்பு என்பார் அப்பா. வீட்டுக்காரர் விளையாட்டே கதியென்று திரிய, குடும்பத்தைத் தாங்கும் யசோதாவின் படம் என்பார் அம்மா. திறமை இருந்தும் சாதியின் பெயரால் ஓர் அணியில் இடம் மறுக்கப்படுவதைத் தாத்தா முதலில் கவனிப்பார். நால்வரும் சொல்வது சரி. ஆனால் நால்வரும் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனால், அவரவர் பார்த்த படம் அவரவரோடு போய்விடும்.

சில படங்களுக்குப் பிறகு பேச்சே வராது. 'ஜெய் பீம்' முடிந்ததும் பல வீடுகளில் அமைதி நிலவியிருக்கும். அதுவும் ஒரு கருத்துத்தான். அந்த அமைதியில் பிள்ளை, "இதெல்லாம் உண்மையா நடந்ததா?" என்று கேட்டால், பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 1993இல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கொடுமையை ஒட்டி எடுத்த படம் அது. நீதி கேட்டு வழக்காடிய வழக்கறிஞர் சந்துரு, 2006இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் நிற்கும்.

வீட்டுக் கருத்துக்கு இன்னொரு வலிமையும் உண்டு. அது செத்த படத்தைப் பிழைக்க வைக்கும். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' திரையரங்குகளில் எடுபடவில்லை. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தபோது, வீடுதோறும் மக்கள் அதைக் கண்டெடுத்தார்கள். இன்று அதைப் பிடிக்காது என்று சொல்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. 1946இல் வந்து வசூலில் தோற்ற 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கப் படத்துக்கும் இதே கதைதான். 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் அதைத் தாராளமாக ஒளிபரப்பின. குடும்பங்கள் அதைத் தங்கள் பண்டிகைப் படமாகவே ஆக்கிக்கொண்டன. 'மெய்யழகன்' கூட 2024 செப்டம்பரில் வெளியான சில நாட்களில், நீளம் என்ற குறையால் சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்ட படம். அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகு, நிதானமாகப் பார்க்கும் வீடுகள் அதற்குக் கிடைத்தன. முதல் வாரத்துத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு ஆகாது.

இனி, இந்தப் பேச்சின் மையத்துக்கு வரலாம். சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. பள்ளியில் தமிழ் கற்பிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பேச வைக்க யார் இருக்கிறார்கள்? தேர்வைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்தில், வேலையைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்தில். மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே விஷயத்தைப் பற்றி, மதிப்பெண் பயமில்லாமல் தமிழில் பேசக்கூடிய வாய்ப்பு வாரத்தில் எத்தனை வருகிறது? படம் பார்த்த இரவு அப்படிப்பட்ட ஒரு வாய்ப்பு. 'சூப்பர்', 'மொக்கை' என்ற சொற்கள் அந்தக் கதவைச் சாத்திவிடுகின்றன. 'ஏன்' என்ற சொல் அதைத் திறக்கிறது.

சென்னைப் படங்களோடு நிற்கவும் வேண்டாம். எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' சிங்கப்பூரில் தமிழில் எடுக்கப்பட்டு, 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்', சிறையிலிருந்து திரும்பிய ஒரு சிங்கப்பூர் இந்தியரின் கதை. 2016இல் அதுவும் கான் சென்றது. இவை எத்தனை வீடுகளில் பார்க்கப்பட்டன, எத்தனை வீடுகளில் பேசப்பட்டன? பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது தொலைக்காட்சியை அணைக்க வேண்டாம். ஐந்து நிமிடம். ஒவ்வொருவரும் மனத்தில் நின்ற ஒரே ஒரு காட்சியைச் சொல்லட்டும், ஏன் என்று ஒரு வாக்கியம் சேர்க்கட்டும். பிள்ளை பாதித் தமிழில் தொடங்கி மீதியை ஆங்கிலத்தில் முடித்தால் திருத்த வேண்டாம், விட்டுப்போன சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும். பாட்டியின் கருத்தைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேளுங்கள். அடுத்த வாரம் படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நாளைக் காலை மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர், "படம் எப்படி?" என்று கேட்பார். "பரவாயில்லை" என்று சொல்ல வாய் வரும். அதை அடக்கிக்கொண்டு ஒரு காட்சியைச் சொல்லிப் பாருங்கள். அவருடைய மாடி வந்த பிறகும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார்.