வராமல் போன சட்டங்கள்



என் துறை அரசியல் அறிவியல். அதில் நான் பெரிதும் மதிக்கும் ஓர் ஆய்வைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மேஹ்யூ 1991இல் ஒரு நூலாக வெளியிட்டது அது. அமெரிக்க அதிபரும் அந்நாட்டு நாடாளுமன்றமும் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. இன்று பட்டம் பெறும் உங்களில் இயற்பியல் படித்தவர்களும் வணிகவியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அவர் அந்தக் கேள்வியை அணுகிய முறையில் உங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் பிரதமர் மக்களவையின் பெரும்பான்மையை இழந்தால் பதவியையும் இழக்கிறார். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததை உங்கள் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு வழியில்லை. அதிபருக்குத் தனித் தேர்தல், பிரதிநிதிகள் சபைக்கும் செனட்டுக்கும் தனித் தேர்தல். அதிபரின் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அவைகள் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவரும் அவைகளைக் கலைக்க முடியாது. மசோதா இரு அவைகளிலும் நிறைவேறினாலும் அவர் அதைத் திருப்பி அனுப்பலாம். அதை மீறிச் சட்டமாக்க வேண்டுமென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

இப்படிப்பட்ட அமைப்பில் வெள்ளை மாளிகை ஒரு கட்சியிடமும் அவைகள் எதிர்க்கட்சியிடமும் போய்விட்டால் ஒரு வேலையும் நடக்காது என்பதுதான் நெடுங்காலம் அறிஞர்கள் பலரின் நம்பிக்கை. அதிபர் கார்ட்டரின் சட்ட ஆலோசகராக இருந்த லாயிட் கட்லர், அதிபரும் அவைகளும் இணைந்து ஆள வழிசெய்யும்படி அரசியல் சட்டத்தையே திருத்தலாம் என்று 1980இல் எழுதினார். இத்தனைக்கும் கார்ட்டர் காலத்தில் இரு அவைகளும் அவருடைய கட்சியிடமே இருந்தன.

மேஹ்யூ எண்ணிப் பார்த்தார். 1947 முதல் 1990 வரையிலான 44 ஆண்டுகளில் 26 ஆண்டுகள் அதிகாரம் இரு கட்சிகளுக்கிடையே பிரிந்து கிடந்திருக்கிறது. அந்த 44 ஆண்டுகளில் வந்த முக்கியமான சட்டங்கள் எவை? முக்கியம் என்று யார் முடிவு செய்வது? இங்கேதான் அவருடைய நேர்மை தெரிகிறது. தன் விருப்பத்துக்கு அவர் பட்டியல் போடவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்தபோது செய்தியாளர்கள் எழுதிய ஆண்டிறுதிக் கட்டுரைகளைப் படித்து, அன்றைக்கே பெரியவை என்று கருதப்பட்ட சட்டங்களை எடுத்தார். பிறகு அந்தந்தத் துறை வல்லுநர்கள் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதிய நூல்களைப் படித்து, காலம் பெரியவை என்று காட்டியவற்றைச் சேர்த்தார். மொத்தம் 267 சட்டங்கள். ஈராண்டுக்கு ஒரு நாடாளுமன்றம் என்று வகுத்தால், ஒரே கட்சியிடம் எல்லாம் இருந்த காலத்தில் சராசரியாக 12.8 சட்டங்கள், பிரிந்திருந்த காலத்தில் 11.7. ஊரே பெரும் பள்ளம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் கிட்டத்தட்ட சமதரை.

பட்டியலைப் புரட்டும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அதிபர் நிக்சன் காலம்தான். குடியரசுக் கட்சிக்காரரான அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. 1970ஆம் ஆண்டின் முதல் நாள் அவர் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டின் கடைசி நாள் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் அந்த டிசம்பரில்தான் வந்தது. இணக்கம் மட்டும் சட்டங்களைக் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1972 அக்டோபர் 17 அன்று தூய நீர்ச் சட்டத்தை, செலவு அதிகம் என்று அவர் மறுத்தார். மறுநாளுக்குள் இரு அவைகளும் அவரை மீறி அதை நிறைவேற்றிவிட்டன. அவர் கட்சி உறுப்பினர்களும் திரளாக அவரை எதிர்த்து வாக்களித்தார்கள்.

அது எப்படி நடந்தது? கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் கட்சித்தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது. உறுப்பினர் முதலில் தன் தொகுதிக்கு விடை சொல்ல வேண்டியவர். தொகுதியில் ஆறு நாறினால், அதிபர் எந்தக் கட்சி என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேஹ்யூவின் பட்டியலில் உள்ள சட்டங்களில் பெரும்பாலானவை இரு கட்சியினரின் வாக்கோடும் பெரும் ஆதரவில் நிறைவேறியவை.

நிக்சனுக்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. அதிபர் ட்ரூமன் 1948 தேர்தலில் ரயிலேறி ஊர் ஊராகப் போய், எதிர்க்கட்சி வசமிருந்த அவைகளை ஒன்றும் செய்யாத நாடாளுமன்றம் என்று சாடி, வென்றும் காட்டினார். போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டத்துக்கு அதே ஆண்டு ஒப்புதல் தந்தது அந்த நாடாளுமன்றம்தான்.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதை இங்கே கொண்டுவந்திருக்க மாட்டேன். நூல் வந்த சில ஆண்டுகளிலேயே கூர்மையான மறுப்பு எழுந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உண்டு எழுந்தவர்களை மட்டும் எண்ணினால், இடம் கிடைக்காமல் வாசலில் நின்று திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? வந்த சட்டங்களை எண்ணினீர்கள், வராமல் போனவற்றை எண்ணினீர்களா என்று கேட்டார்கள். ஜார்ஜ் எட்வர்ட்ஸ், ஆண்ட்ரூ பாரெட், ஜெஃப்ரி பீக் மூவரும் 1997இல், தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டும் தோற்றுப்போன முக்கிய மசோதாக்களைத் தொகுத்தார்கள். அதிகாரம் பிரிந்திருக்கும்போது அதிபர் எதிர்க்கும் மசோதாக்கள் கூடுவதும், அவை அதிகமாகத் தோற்பதும் தெரிந்தன. சாரா பைண்டர் நியூயார்க் டைம்ஸ் தலையங்கங்களை ஆண்டுக்கணக்கில் படித்து, நாடு பேசிக்கொண்டிருந்த பிரச்சினைகள் எவை, அவற்றில் எத்தனை தீர்வின்றி நின்றன என்று கணக்கிட்டார். கட்சிகளுக்கிடையே நடுநிலையாளர்கள் குறைவதும், இரு அவைகளும் தமக்குள்ளேயே ஒத்துப்போகாததும் முட்டுக்கட்டைக்குப் பெரிய காரணங்கள் என்று அவர் காட்டினார்.

ஒரே கட்சியின் ஆட்சியிலும் முட்டுக்கட்டை விழும். அதிபர் கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1994இல் செத்தபோது இரு அவைகளும் அவர் கட்சியிடமே இருந்தன. முழு அவையில் வாக்கெடுப்புக்குக்கூட அது வரவில்லை. வந்த சட்டங்களின் பட்டியலில் அதற்கு ஒரு வரியும் இல்லை. காப்பீடு இல்லாமல் மருத்துவமனை வாசலில் நின்ற குடும்பங்களும் அந்தப் பட்டியலில் இல்லை.

மேஹ்யூ தோற்றுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எண்ணியது அப்படியே நிற்கிறது. எண்ணாமல் விட்டது எது என்பதை மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தன் விதியை வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் அவரோடு வாதாட முடிந்தது. 'எனக்குத் தெரியும்' என்று மட்டும் சொல்பவரோடு யாரும் வாதாட முடியாது. நாளை நீங்கள் ஓர் அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ தரும் அறிக்கையில் வெற்றிகள் மட்டும் இருந்தால், பைண்டர் கேட்ட கேள்வியை யாராவது உங்களிடமும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்று அமெரிக்காவில் இரு கட்சிகளுக்கும் பொதுவான நிலம் சுருங்கிவிட்டது. 2016 மார்ச்சில் அதிபர் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். எதிர்க்கட்சி வசமிருந்த செனட் அவரை ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. விசாரணை கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. அடுத்த ஜனவரியில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது, முன்மொழிவும் காலாவதியானது. வாக்குப் பதிவேட்டில் தேடினால் எதுவும் கிடைக்காது. யாருமே வாக்களிக்காத இதை எந்தத் தலைப்பில் எழுதி, எதோடு சேர்த்து எண்ணுவது என்பதில் என் துறையில் இன்னும் ஒருமித்த விடை இல்லை.

1990க்குப் பிந்தைய சட்டங்களையும் மேஹ்யூ தன் பட்டியலில் தொடர்ந்து சேர்த்தார். 2005இல் வந்த இரண்டாம் பதிப்பு 2002 வரை போகிறது. எந்தச் சட்டத்தை ஏன் சேர்த்தார் என்பதற்கான விதிகளும் அதில் இருக்கின்றன. வேறு விதி வைத்து எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் உங்களில் இருந்தால், அந்த நூலை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள்.