கணக்கேட்டுக்குத் துணைக்கருவிகள்



இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கணினியில் கணக்கு எழுதக் கற்றிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் கணக்கேடுகளுள் ஒன்று எக்செல். அதனோடு சேர்ந்து உழைக்கும் துணைக்கருவிகளைப் பற்றி இன்று பேசுவோம். ஆங்கிலத்தில் இவற்றை ‘ஆட்-இன்’ என்பார்கள்.

பால்மரம் வெட்டப் போகிறவர் ஸ்டோரில் உள்ள சாமான்கள் அனைத்தையும் சுமந்து செல்வதில்லை. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துச் செல்கிறார். எக்செலும் அப்படித்தான். ‘அனாலிசிஸ் டூல்பேக்’, ‘சால்வர்’ என்னும் இரண்டு கருவிகள் அதனுடனேயே வருகின்றன. ஆனால், நாம் கேட்டால்தான் வெளியே வரும்.

இவற்றால் என்ன பயன்? சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் குடும்பம், 24 மாத எடைச் சீட்டுகளைக் கணக்கேட்டில் எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். சராசரி விளைச்சல், மிகக் கூடியது, மிகக் குறைந்தது, மாதத்துக்கு மாதம் உள்ள ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை முதற்கருவி ஒரே பட்டியலில் தந்துவிடும். ஆட்டுத் தீவனத்தை எந்த அளவில் கலந்தால் சத்தும் குறையாமல் செலவும் மிஞ்சாமல் இருக்கும் என்று கண்டு சொல்வது இரண்டாவது கருவி.

விண்டோஸ் கணினியில் இவற்றை இயக்கும் முறையைக் கேளுங்கள். ‘பைல்’, அதில் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘ஆட்-இன்ஸ்’ என்று வரிசையாகச் செல்லுங்கள். அடியில் ‘மேனேஜ்’ என்ற இடத்தில் ‘எக்செல் ஆட்-இன்ஸ்’ என்றிருக்கும். பக்கத்தில் உள்ள ‘கோ’வை அழுத்துங்கள். ஒரு சிறு பட்டியல் வரும். வேண்டிய கருவிக்கு நேரே சரி அடையாளமிட்டு ‘ஓகே’ கொடுங்கள். ‘டேட்டா’ என்னும் பகுதியில் அது வந்து நிற்கும்.

வேலை முடிந்ததும் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் கருவி ஓய்வெடுக்கும், அழிந்துவிடாது. தேவையற்ற கருவிகள் பல இயங்கினால் எக்செல் திறக்கத் தாமதமாகும்.

பிறர் எழுதிய கருவியை நாமே சேர்ப்பதும் உண்டு. அத்தகைய கோப்பின் பெயர் பெரும்பாலும் ‘எக்ஸ்எல்ஏஎம்’ என்று முடியும். அதை நிலையான ஓரிடத்தில் வையுங்கள்; பின்னர் இடம் மாற்றினால் எக்செலுக்கு அது கிடைக்காது. முன்சொன்ன பட்டியலில் ‘பிரௌஸ்’ என்பதை அழுத்திக் கோப்பைக் காட்டினால், அதன் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிடும்.

பெற்றோரும் பிள்ளைகளும் கருத்தில் வைக்க வேண்டியது இனிமேல்தான். இந்தக் கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள் அல்ல. அது கணினிக்குக் கட்டளையிடும் நிரல். கெட்ட எண்ணத்துடன் எழுதப்பட்டிருந்தால், நம் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அதனால் முடியும். ஆகவேதான், இணையத்திலிருந்து வரும் இத்தகைய நிரல்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 ஆம் ஆண்டு முதல் தடுத்து வைக்கத் தொடங்கியது. கோப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘அன்பிளாக்’ என்பதில் அடையாளமிட்டால் தடை நீங்கிவிடும். நீக்குவது எளிது, நீக்கலாமா என்று முடிவு செய்வதுதான் பெரிய காரியம்.

முன்பின் தெரியாதவர் வந்து பெட்டிச் சாவியைக் கேட்டால் கொடுப்போமா? கோப்பை எழுதியவர் யார், எங்கிருந்து வந்தது, நமக்கு அது அவசியந்தானா என்று கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காவிட்டால் தடையை நீக்காதீர்கள். வேலை இடத்துக் கணினியானால் பொறுப்பாளரிடம் அனுமதி பெறுங்கள். எதற்கும் முன்னதாகக் கணக்கின் பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

குடும்பம் பாடுபட்டுச் சேர்த்த கணக்கு அது. அதைக் காப்பதும் கல்வியின் ஒரு பகுதியே.