ஆடினாலும் விழாத வீடு



நம் நாட்டின் வடக்கே இமயமலை இருக்கிறது. அங்கே இமாசலப் பிரதேசம் என்று ஒரு மாநிலம். அதில் குல்லு ஒரு மாவட்டம். அங்குள்ள மலைக் கிராமங்களில் பழைய வீடுகளின் சுவரைப் பாருங்கள். ஒரு வரிசை மரம். அதன்மேல் ஒரு வரிசை கல். மறுபடி மரம். மறுபடி கல். இடையில் சிமெண்டு இல்லை. சுண்ணாம்பு இல்லை. மண் சாந்துகூட இல்லை.

இப்படிக் கட்டுவதற்குக் காட்குணி என்று பெயர். காட் என்றால் மரம். குணி என்றால் மூலை. வீட்டின் பலம் அந்த மூலையில்தான் இருக்கிறது.

சுவரின் உள்பக்கம் ஒரு நீளமான மரக்கட்டையைக் கிடத்துவார்கள். வெளிப்பக்கம் இன்னொன்று. நடுவில் சிறு கற்களை நிரப்புவார்கள். மூலையில் ஒரு சுவரின் கட்டைமேல் அடுத்த சுவரின் கட்டை குறுக்கே ஏறி உட்காரும். உங்கள் இரண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள். அப்படித்தான் நான்கு சுவர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

மரம் தேவதாரு. அதைக் கரையான் எளிதில் அரிக்காது. ஈரத்தில் சீக்கிரம் அழுகாது. கூரைக்குப் போடுவது சிலேட்டுக் கல். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு செய்தார்களே, அதே கல்தான். அதன் கனம் வீட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும்.

கீழ்த்தளத்தில் மாடுகளும் ஆடுகளும் இருக்கும். மேல்தளத்தில் மனிதர்கள் இருப்பார்கள். பனிக்காலத்தில் கால்நடைகளின் உடல் சூடு மேலே ஏறிவரும். சன்னல்கள் சின்னவை. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது அல்லவா?

இமயமலையில் நிலநடுக்கம் அடிக்கடி வரும். 1905 ஏப்ரல் 4 அன்று காங்கிராவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். காங்கிராக் கோட்டை இடிந்தது. பெரிய கோயிலும் இடிந்தது. குல்லுவிலும் பூமி ஆடியது. ஆனால் நக்கர் என்ற ஊரில் குல்லு அரசர்கள் கட்டிய மாளிகை விழவில்லை. அது கல்லும் மரமும் அடுக்கிக் கட்டியது. அப்போதே அதற்குப் பல நூறு வயது. இன்றும் நிற்கிறது.

காரணம் என்ன? சாந்து வைத்துக் கட்டிய சுவர் வளைந்து கொடுக்காது. பலமாக ஆட்டினால் வெடித்துவிடும். காட்குணிச் சுவரில் கல்லும் மரமும் கொஞ்சம் நகரும், உரசும். ஆட்டத்தின் வேகம் அதிலேயே குறைந்துவிடும். பூமி நின்றதும் சுவரும் நிற்கும்.

பூகம்பத்துக்கு விழாத இந்த வீட்டுக்கு ஒரு எதிரி உண்டு. அது தீ.

குல்லு மாவட்டத்தில் மலாணா என்று ஒரு கிராமம். மிகப் பழைய ஊர். அதன் மொழியான கனாஷி, சுற்றியுள்ள ஊர்களின் மொழியிலிருந்து வேறுபட்டது. ஜம்லு என்ற தெய்வத்தின் பெயரால் ஊர்ச் சபையே வழக்குகளைத் தீர்த்துவந்தது. அலெக்சாண்டரின் படைவீரர்கள் வழிவந்தவர்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது.

2008 ஜனவரி 5 அன்று மலாணாவில் தீப்பிடித்தது. வீடுகள் நெருக்கமாக இருந்தன. குளிர்காலத்துக்காக விறகும் காய்ந்த புல்லும் வீட்டோடு அடுக்கியிருந்தார்கள். தேவதாருவில் எண்ணெய்ப் பசை உண்டு. தீயணைப்பு வண்டி ஊருக்குள் போக வழி இல்லை. ஊரில் பெரும்பகுதி எரிந்தது. கோயில்களும் தப்பவில்லை. 2021 அக்டோபரில் அங்கே மறுபடி தீ. மறுபடி பல வீடுகள் போயின.

பிறகு வீடு கட்டியவர்களில் பலர் சிமெண்டுக்கும் தகரக் கூரைக்கும் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காட்குணி வீட்டுக்கு எத்தனை தேவதாரு வேண்டும்! காடு குறைந்துவிட்டது. மரம் வெட்ட அரசு கட்டுப்பாடு விதித்திருக்கிறது. சிமெண்டு சீக்கிரம் கிடைக்கிறது. ஆனால் அந்த வீடு குளிரில் சில்லிட்டுப்போகும். கம்பி சரியாகக் கட்டாமல் சரிவில் எழுப்பினால், நிலநடுக்கத்தில் முதலில் விழுவதும் அதுதான்.

பக்கத்துக் கின்னோர் மாவட்டத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தானியக் கிடங்கை வீட்டோடு சேர்த்துக் கட்டமாட்டார்கள். தள்ளித் தனியே கட்டுவார்கள். வீடு எரிந்தாலும் வருஷத்துச் சாப்பாடு மிஞ்சும். புல்லையும் விறகையும் அப்படித் தள்ளி வைக்கலாம். அதற்கு மரமும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். கொஞ்சம் இடம் வேண்டும். மலையில் அதுதான் குறைவு.